நம்பிக்கை போய்விட்டதை மறைத்து, செய்யாத பாவத்தை ஒப்புக்கொண்டேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா?

தாமிரபரணிக்காரன்

மூன்று ஆண்டுகளாக இங்கே வாசகனாக மட்டும் இருந்துவிட்டு முதல் முறையாக எழுதுகிறேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் சொந்த ஊர், வேலை கோயம்புத்தூரில். எங்களுடையது மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். நான் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது அம்மாவுக்கு ஒரு பெந்தெகொஸ்தே சபையின் தொடர்பு ஏற்பட்டது. கடுமையான கட்டுப்பாடுகள் உள்ள சபை. பெண்கள் குன்றிமணித் தங்கமும் அணியக் கூடாது, வெள்ளைச் சேலைதான் உடுத்த வேண்டும், வீட்டில் தொலைக்காட்சி இருக்கக் கூடாது, சபைக்கு வெளியே பெண் எடுக்கவோ கொடுக்கவோ கூடாது, வியாதி வந்தால் சபை மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டுமே தவிர மருந்தை நாடக் கூடாது. அம்மா ஞானஸ்நானம் எடுத்த அன்று தாலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்பா சத்தம் போடவில்லை. "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று மட்டும் கேட்டார். கடைசிவரை அவர் அந்தச் சபைக்கு வரவே இல்லை. அவர் இறந்த பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தபோது அந்தத் தாலி ஒரு கைக்குட்டையில் முடியப்பட்டு அடியில் கிடந்தது.

நான் அம்மாவோடு போனேன். பதினாறு வயதில் ஞானஸ்நானம், பத்தொன்பதில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம், அதன்பிறகு பதினொரு ஆண்டுகள் ஞாயிறு பள்ளி ஆசிரியர். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழு இரவு ஜெபம் முடிந்து விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு திரும்பும்போது இருந்த மகிழ்ச்சி பொய்யானது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எப்படிச் செத்தான் என்று கேட்டாள். மத்தேயு 27இல் அவன் தூக்குப்போட்டுக்கொண்டு சாகிறான். அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பதிலையே அவளுக்கும் சொன்னேன். அவள் திருப்தியடைந்துவிட்டாள், நான் அடையவில்லை. தேடத் தொடங்கினேன். எங்கள் சபையின் முன்சுவரில் நீல வண்ணத்தில் பெரிதாக எழுதியிருக்கும் வசனம் மாற்கு 16:18. வியாதியஸ்தர்மேல் கைகளை வைத்தால் அவர்கள் சொஸ்தமாவார்கள் என்பது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் ஆகிய இரண்டு பழைய கிரேக்கப் படிகளிலும் மாற்கு சுவிசேஷம் அந்த அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது என்றும், ஒன்பது முதல் இருபது வரையுள்ள பகுதி பிற்காலச் சேர்க்கை என்றே பெரும்பாலான வேத அறிஞர்கள், அவர்களில் பக்தியுள்ள பலரும்கூட, கருதுகிறார்கள் என்றும் அப்போதுதான் படித்தேன். அந்தச் சுவருக்குக் கீழே எத்தனை பேருடைய தலையில் நானும் கை வைத்து ஜெபித்திருக்கிறேன், எத்தனை பேரை "மருந்தை விடுங்கள்" என்ற சாட்சியைக் கேட்டுத் தலையசைக்க வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் நம்பிக்கை அன்றே போய்விடவில்லை. எந்த நாளில் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்பு கண்ணை மூடியபோது, நான் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது தெரிந்தது.

இனிமேல்தான் என் பிரச்சினை. சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை. அப்பத்தட்டு வரிசையில் வந்தது. "அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்", அதாவது தகுதியில்லாமல் அதை உண்டு குடிப்பவன், தனக்கே ஆக்கினைத்தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்பது கொரிந்தியர் வசனம். அந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் நம்பாத ஒருவன் அதை எடுப்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியது. தட்டைத் தொடாமல் அடுத்தவருக்கு நகர்த்தினேன். பாத்திரமும் அப்படியே கடந்து போனது. எதிர்ப்புறம் பெண்கள் பாயில் இருந்த அம்மா முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்துவிட்டார்.

இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏல, பொம்பளப் பிள்ள சங்கதியா?"

நான் தலையை ஆட்டிவிட்டேன்.

ஏன் ஆட்டினேன் என்பது எங்கள் சபையில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். தாவீது ராஜா இன்னொருவன் மனைவியோடு பாவம் செய்தான், அழுதான், மன்னிக்கப்பட்டான். பெண் விஷயத்துக்குத் திரும்பி வர வழி உண்டு. விசுவாசத்தை மறுதலித்துப் போனவனை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்று எபிரெயர் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. அந்த அதிகாரம் அம்மாவுக்கு மனப்பாடம். ஒழுக்கம் கெட்ட மகனை அவரால் தாங்க முடியும், அவிசுவாசியான மகனைத் தாங்க முடியாது என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டேன்.

இப்போது அம்மா எனக்காக வாரந்தோறும் புதன், வெள்ளி இரண்டு நாளும் உபவாசம் இருக்கிறார். அவருக்கு அறுபத்தொரு வயது, சர்க்கரை நோய் உண்டு. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் மனம் நோகக் கூடாது என்பதற்காக மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார். ஆனால் விழுங்குவதில்லை. பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். நான் சொன்ன பொய்க்காக அவர் பட்டினி கிடக்கிறார். உண்மையைச் சொன்னால் இன்னும் அதிகமாகக் கிடப்பாரோ என்று அஞ்சுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

கருஞ்சட்டை

நேராகச் சொல்லிவிடுங்கள் தோழர். நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. 1925இல் சுயமரியாதை இயக்கம் தொடங்கிய மண்ணில் இருந்துகொண்டு, கடவுள் இல்லை என்பதைத் தாயிடம் சொல்ல முப்பத்து நான்கு வயது ஆண் தயங்குவதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. சொன்னதோடு நிற்க வேண்டாம். திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019 பிப்ரவரியில் சாதியும் மதமும் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கியதைப் போல நீங்களும் வாங்குங்கள். திருமணத்தைச் சுயமரியாதை முறையில் செய்துகொள்ளுங்கள். பாதி வெளியே, பாதி உள்ளே என்று நிற்பவர்களை எந்தச் சபையும் மீண்டும் உள்ளே இழுத்துவிடும்.

கடலோரம்

தம்பி, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. உங்கள் சபையா, வேறு சபையா என்று கேட்க மாட்டேன். வெள்ளைச் சேலையும் பாயும் முக்காடும் எனக்கும் தெரியும். நான் வெளியே வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மேலே கருஞ்சட்டை சொன்ன வழியில் போனவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். சொல்லி முடித்தபோது உடம்பு இலேசானது. அந்த இலேசு எனக்கு ஒரு வாரம் இருந்தது.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் தெருவில் வந்தால் "ஸ்தோத்திரம்" சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், அவ்வளவுதான். "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை" என்று யோவான் நிருபத்தில் ஒரு வசனம் இருக்கிறதே, அதை அடுத்த வாரமே பிரசங்கித்ததாகக் கேள்விப்பட்டேன். முப்பது ஆண்டு நான் அங்கே பாடினதும் பெருக்கினதும் சமைத்ததும் அந்த ஒரு வசனத்தில் இல்லாமலே போயின. நான் போனேன் என்பதைவிட நான் ஒருபோதும் இருக்கவே இல்லை என்று சொன்னதுதான் எனக்கு வலித்தது.

இழந்தவற்றை எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இரவு இரண்டு மணிக்கு வயிற்றுவலி வந்தால் கதவைத் தட்ட ஏழு வீடுகள் இருந்தன; ஒன்றும் இல்லாமல் போயிற்று. பாட்டு போயிற்று. சினிமாப் பாட்டு எனக்குத் தெரியாது, வளர்ந்த வீட்டில் கேட்டதில்லை. கீர்த்தனைகளைப் பாடினால் பொய் சொல்வதுபோல் இருந்தது. ஆகவே பல ஆண்டுகள் பாத்திரம் துலக்கும்போது வாயே திறக்கவில்லை. இப்போது பாடுகிறேன். நம்பிப் பாடுகிறேனா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. காது குத்திக்கொண்டதையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் குத்திய துளை தூர்ந்துபோயிருந்தது. நாற்பதாவது வயதில் நகைக்கடையில் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து மறுபடி குத்திக்கொண்டு வந்து, அன்று இரவு முழுவதும் நரகத்தைப் பற்றி நினைத்துக்கொண்டு கிடந்தேன். நம்பிக்கை போனாலும் பயம் உடனே போவதில்லை. அது தனிக் கணக்கு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் அம்மா இறந்தபோது அடக்க ஆராதனையில் எனக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். மண் போட விட்டார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அம்மா என்னைப் பற்றிக் கடைசியாக என்ன சொன்னார் என்பதை என்னிடம் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. சபைக்குச் சொன்ன நான் அம்மாவுக்குத் தனியாகச் சொல்லவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அவரும் அந்தப் பாயில் இருந்து கேட்டுக்கொண்டார். சொல்வது என்று முடிவு செய்தால் சபைக்குச் சொல்லாதீர்கள், அவருக்குச் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்

இரண்டு பின்னூட்டங்களில் குறிப்பிட்ட சபைகளின் பெயர்களும் ஒரு போதகரின் தொலைபேசி எண்ணும் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். எந்தச் சபை என்று ஊகிப்பதை நிறுத்திவிட்டு, கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

நூர்

கருஞ்சட்டை ஐயா, "நேராகச் சொல்லிவிடுங்கள்" என்பது எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கும் சரக்கு இல்லை. கேள்வி கேட்டவர் இருக்கும் அதே கோயம்புத்தூரில்தான் 2017 மார்ச்சில் பாரூக் கொல்லப்பட்டார். முப்பத்தொரு வயது, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர், இறைமறுப்பை வெளிப்படையாக எழுதியவர். அந்தச் செய்தி வந்த இரவில் நான் என் கைப்பேசியில் இருந்த பத்து குழுக்களிலிருந்து விலகினேன். அதற்குமுன் எழுதியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன்.

நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு மனைவி எழுப்புகிறார், எழுந்து சாப்பிடுகிறேன். பகலில் அலுவலகத்திலும் எதையும் சாப்பிடுவதில்லை, பழகிவிட்டது. இதை நயவஞ்சகம் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் மார்க்கத்திலும் அதற்கு அதே சொல்தான். ஆனால் நான் வெளியே சொன்னால் என் மகளின் நிக்காஹ் எந்தப் பள்ளிவாசலில் நடக்கும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் கிடையாது.

சட்டமும் எங்களுக்கு வேறுவிதமாக இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த சஃபியா என்ற பெண், முஸ்லிமாகப் பிறந்து நம்பிக்கை இழந்த தமக்கு வாரிசுரிமையில் ஷரீஅத் பொருந்தக் கூடாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஏப்ரலில் அந்த மனுவின்மீது அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. தாமிரபரணிக்காரருக்கு அந்தச் சிக்கலாவது இல்லை என்று நினைக்கிறேன். வழக்கறிஞர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

திண்டுக்கல் வக்கீல்

அழைத்ததால் வருகிறேன்.

முதலில் கருஞ்சட்டை அவர்களுக்கு. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் செய்யப்பட்டது. அந்தப் பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கே பொருந்தும். கிறித்தவராகப் பிறந்து நம்பிக்கை இழந்தவர் மாலை மாற்றிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம், சட்டப்படி அது போதாது. அவருக்குரிய வழி 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் முன்னறிவிப்பு ஒட்டப்படும், அதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சொத்தைப் பொறுத்தவரை, தாயார் கிறித்தவர் என்பதால் அவருடைய சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாமல் அவர் இறந்தால், மகன் நம்புகிறாரா இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் உயில் எழுதி எல்லாவற்றையும் சபைக்குக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. நெருங்கிய உறவினர் உள்ள கிறித்தவர் மத காரியங்களுக்குச் சொத்தை எழுதிவைப்பதைக் கட்டுப்படுத்திய அந்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவை 2003இல் ஜான் வல்லமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் இந்தத் தீர்ப்பை அறியாமல் "எழுதி வைக்க முடியாதே சார்" என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள்.

ஒதுக்கிவைப்பதைப் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு சொல். 1949இல் பம்பாய் மாகாணம் சமூக விலக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் தலைவர் அதை எதிர்த்தார். மத அடிப்படையில் ஒருவரை விலக்கும் அதிகாரம் அந்தச் சமூகத்தின் மத உரிமையில் அடங்கும் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதை 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே சபை உங்களை நீக்கினால் அதைத் தடுத்து நிறுத்த எளிதான வழக்கு ஏதும் இல்லை.

இழையைப் படிக்கும் பட்டியல் சாதியைச் சேர்ந்த நண்பர்களுக்கும் சொல்ல வேண்டும். சபையை விட்டு வந்துவிட்டோம், இனிப் பழைய பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகக் காட்டுவதை அரசமைப்பின் மீதான மோசடி என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது.

அலைவரிசை

நான் செவிலியர். நம்பிக்கை, சட்டம் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அம்மா மாத்திரையை அறவே விழுங்குவதில்லையா, அல்லது மயக்கம் வரும் நாளில் மட்டும் பயந்து ஒன்றை விழுங்குகிறாரா என்று பாருங்கள். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை விழுங்கிவிட்டு மறுநாள் உபவாசம் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், குழறிய பேச்சு இருந்தால் ஜெபித்துக்கொண்டு காத்திராமல் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், சுயநினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுங்கள். பாதத்தைப் பாருங்கள், விரல் இடுக்கையும் பாருங்கள். வெறுங்காலோடு சபைக்குப் போகிறவர்களுடைய கால்களில் புண் ஆறாமல் இருப்பதைப் பலமுறை கட்டியிருக்கிறேன். அவர்கள் வலியைச் சொல்வதே இல்லை. வலி தெரிவதில்லை என்பது ஒரு காரணம். சொன்னால் விசுவாசம் குறைவு என்றாகிவிடும் என்பது இன்னொன்று.

ஊழியர் மகன்

இந்த இழையில் விசுவாசியாக எழுதுவது நான் ஒருவன்தான் போலிருக்கிறது. தாமிரபரணிக்காரரை மறுபடி உள்ளே அழைக்க வரவில்லை, நம்புங்கள். என் தகப்பனார் கிராமத்தில் சபை ஊழியம் செய்பவர், எங்கள் சபையில் மருந்துக்குத் தடை இல்லை.

மாற்குவின் முடிவைப் பற்றி நீங்கள் சொன்னது வேதாகமக் கல்லூரியில் எல்லாரும் படிப்பதுதான். அதைக் கேட்டு எனக்கு விசுவாசம் போகவில்லை, உங்களுக்குப் போனது. இதை வாதாடித் தீர்க்க முடியாது. ஆனால் உங்கள் அம்மா மருந்தை விட்டது மாற்குவினால் மட்டும் இருக்காது. ஆசா ராஜாவின் கதையைச் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் நாளாகமம் 16இல் கால் வியாதி வந்தபோது அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான் என்று வருகிறது. அதற்கு எதிராகப் பழைய கையெழுத்துப் படிகளைக் காட்டினால் அவர் காதில் ஏறாது. "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று கொலோசெயரில் பவுல் எழுதினாரே, அந்த லூக்கா பவுலோடு பயணம் செய்தபோது வைத்தியத்தைக் கைவிட்டார் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்ன பவுல் ஏன் எண்ணெய் பூசிக்கொள் என்று மட்டும் எழுதவில்லை என்று கேளுங்கள். நம்பாத நீங்கள் வசனத்தைக் காட்டுவது சரியா என்று உறுத்தலாம். அப்பத்தட்டைத் தொடாமல் விட்டவருக்கு அந்த உறுத்தல் வரத்தான் செய்யும். ஆனால் இது அவருடைய காலுக்காக.

இன்னொன்றும் சொல்வேன், கோபிக்காதீர்கள். அம்மாவால் அவிசுவாசியைத் தாங்க முடியாது என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். தாலியைக் கழற்றிய பிறகும் உங்கள் அப்பாவோடு அவர் கடைசிவரை ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறார். அவிசுவாசியோடு எப்படி வாழ்வது என்று அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

கருஞ்சட்டை

வக்கீல் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன், 1967 சட்டத்தை நான் எல்லாருக்குமானது என்றே இத்தனை நாள் பேசிவந்தேன். நூர் சொன்னதற்கும் பதில் இல்லை. என் தந்தையிடம் இதைச் சொல்ல வேண்டிய நிலையே எனக்கு நேரவில்லை. அவரே கழகத்தில் இருந்தவர். எனக்குக் கறுப்புச் சட்டையைத் தைத்துக் கொடுத்தவரே அவர்தான். அதனால் இந்தச் சங்கடம் எனக்கு அனுபவமில்லை. ஆயினும் பொய் சொல்லி வாழ்வதை வழியாக யாரும் காட்ட வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

தாமிரபரணிக்காரன்

அனைவருக்கும் நன்றி. ஊழியர் மகன் கடைசியாகக் கேட்டதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. அப்பாவை நான் அந்தக் கணக்கில் ஒருபோதும் வைத்ததில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

கடலோரம்

போய் வாருங்கள் தம்பி. சாப்பிட்ட பிறகு பேசுங்கள். பசியோடு இருக்கும்போது பேசாதீர்கள், அவரும் சரி, நீங்களும் சரி.

தாமிரபரணிக்காரன்

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளி மாலை உபவாசம் முடித்துக் கஞ்சி குடித்தார். அதன்பின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது செவிலியர் சொன்னபடி பாதத்தைப் பார்த்தேன். இடது கால் சுண்டுவிரல் இடுக்கில் ஒரு வெடிப்பு, புண்ணாகத் தொடங்கியிருந்தது. அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டியிராததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். பெண் யாரும் இல்லை என்றேன். நான் அப்பம் எடுக்காததற்குக் காரணம் விசுவாசம் இல்லாமல் போனதுதான் என்றேன். அது எப்போது போனது என்றும் திரும்பி வருமா என்றும் தெரியாது, வரும் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றேன்.

அழவில்லை. எபிரெயர் ஆறாம் அதிகாரத்தைச் சொல்லவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. நெடுநேரம் கழித்துக் கேட்டார்:

"அப்போ அந்தப் பிள்ள?"

எந்தப் பிள்ளை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் யாரோ ஒரு பெண்ணைக் கெடுத்துவிட்டேன் என்று நம்பி, இந்தப் பதினோரு மாதமும் புதன்கிழமை எனக்காகவும் வெள்ளிக்கிழமை அந்தப் பெயர் தெரியாத பெண்ணுக்காகவும் உபவாசம் இருந்திருக்கிறார். அவள் எங்கேயாவது அழுதுகொண்டிருப்பாள், வீட்டில் அடித்திருப்பார்கள், வயிற்றில் பிள்ளை இருந்தால் என்ன செய்வாள் என்றெல்லாம் நினைத்திருக்கிறார். சபைக்கு வெளியே, உலகத்தார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அவளையே கட்டிவைத்துவிட வேண்டும், சபை என்ன சொன்னாலும் சரி என்று தனக்குள் முடிவு செய்து வைத்திருந்ததாகவும் சொன்னார். அப்பா முடிந்துவைத்திருந்த தாலியை அந்தப் பெண்ணுக்காக எடுத்து வைத்திருக்கிறார். இத்தனை ஆண்டாகப் பொட்டுத் தங்கம் தொடாதவர்.

"யாருமே இல்லியா?" என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன்.

சனிக்கிழமை காலை பரிசோதனைக்கு வரச் சம்மதிக்கவில்லை. லூக்காவைப் பற்றிக் கேட்டேன், மூப்பரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். புண்ணுக்கு மருந்து போட மட்டும் விட்டார். அது மேலே பூசுவதுதானே, எண்ணெய் மாதிரி என்று அவரே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியில் சபைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாடுவது கேட்டது, எனக்கு எல்லா அடிகளும் தெரிந்த பாட்டு. முடிந்து வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, இனி வெள்ளிக்கிழமை உபவாசம் வேண்டியதில்லை, புதன் மட்டும் போதும் என்றார்.

செவிலியர் அக்காவுக்கு ஒரு கேள்வி: அந்தப் பிஸ்கட் டின்னில் பதினெட்டு மாத்திரைப் பட்டைகள் இருக்கின்றன, சிலவற்றில் தேதி முடிந்துவிட்டது. அவற்றை அந்தத் திட்டப் பெண்ணிடமே திருப்பிக் கொடுக்கலாமா? கொடுத்தால் அம்மா விழுங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது வேண்டாம் என்கிறார் அம்மா.